திரைப்படம் வசனமின்றி உணர்ச்சியைக் கடத்துவது எப்படி?

கிழக்கிலங்கையின் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் திருக்கோவிலிலும் கைபேசி ஒன்றை மட்டும் நம்பிக் குறும்படம் எடுக்கத் தொடங்கும் இளையோர் இன்று பலர். அவர்களுடைய முதல் திரைக்கதைகளைப் படிக்கும்போது, பாத்திரங்கள் தம் மனத்தில் இருப்பதை ஒன்றுவிடாமல் வாயால் சொல்லிவிடுவதைக் காணலாம். கோபம் வந்தவன் தனக்குக் கோபம் வந்திருக்கிறது என்கிறான். பிரிவை நினைத்துக் கலங்கும் தாய் தன் கலக்கத்தை நீண்ட வசனமாகப் பேசுகிறாள். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கூத்து, வானொலி நாடகம், தொலைக்காட்சித் தொடர் என நாம் கதை கேட்டு வளர்ந்த வடிவங்கள் பெரும்பாலும் பாட்டாலும் பேச்சாலும் கதையை நகர்த்துபவை. திரைப்படத்துக்கு இவற்றைவிட வேறான ஒரு வலிமையும் உண்டு. அதனை அறிந்துகொள்ள விரும்பும் தொடக்க நிலையினருக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வசனத்தால் சொல்லாமல் காட்சியால் காட்ட வேண்டும் என்ற அறிவுரையைத் திரைப்படம் கற்க வரும் எவரும் முதல் நாட்களிலேயே கேட்டுவிடுவார்கள். ஆனால் பலர் அதனைத் தவறாகவே விளங்கிக்கொள்கிறார்கள். வசனத்தை நீக்கிவிட்டு, நடிகரைக் கண்ணீர் விடவைத்து, பின்னணியில் சோகமான வயலினை ஒலிக்கவிட்டால் காட்டியாயிற்று என்று எண்ணுகிறார்கள். என் கருத்தில் அதுவும் சொல்லுதலே. அவள் துயரப்படுகிறாள் என்ற செய்தியை அங்கே வசனத்துக்குப் பதிலாகக் கண்ணீர் அறிவிக்கிறது. பார்ப்பவர் அச்செய்தியை அறிந்துகொள்கிறாரே தவிர, தாமே துயரப்படுவதில்லை. காட்டுதல் என்பது, உணர்ச்சி பிறக்கக் காரணமான பொருள்களையும் செயல்களையும் பார்ப்பவரின் கண்முன் வைத்து, அவற்றைத் தொடுத்துப் பார்த்து அந்த உணர்ச்சியைச் சென்றடையும் வேலையை அவரிடமே விட்டுவிடுவதாகும். தாமே சென்றடைந்த துயரம் அவருடைய துயரமாகிவிடுகிறது.

இதனை விளக்க ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், மண்டூரை அண்டிய ஒரு கிராமம். வேலைக்காகக் கட்டாருக்குப் புறப்படும் மகனை வழியனுப்பத் தந்தை வருகிறார். மகனின் பெட்டியைத் தம் சைக்கிளின் கரியரில் வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டியிருக்கிறார். இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, குருமண்வெளிக்குச் செல்லும் பாதை நிற்கும் துறைக்கு வந்து சேருகிறார்கள். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் படகையே எங்கள் பகுதியில் பாதை என்கிறோம்.

முதலாவது திரைக்கதையில் தந்தை பேசுகிறார்: “நீ போனாப் பிறகு வீடு வெறிச்சோடிப் போயிரும் மனே. நான் தனிச்சிப் போயிருவன்.” மகன் பதில் சொல்கிறான்: “கவலப்படாதீங்க அப்பா, ரெண்டு வருசத்துல வந்திருவன்.” பிறகு இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

இரண்டாவது திரைக்கதையில் தந்தை எதுவும் பேசுவதில்லை. அவர் கயிற்றை அவிழ்த்துப் பெட்டியை இறக்கிக் கொடுக்கிறார். மகன் பாதையில் ஏறுகிறான், பாதை நகர்கிறது. தந்தை அவிழ்த்த கயிற்றைக் கையில் சுற்றியபடி நிற்கிறார். பிறகு அந்தக் கயிற்றை, கட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத கரியரில் முன்போலவே இறுக்கிக் கட்டுகிறார். சைக்கிளில் இப்போது பாரம் இல்லை. ஏறி மிதித்துக்கொண்டு போகலாம். அவர் ஏறவில்லை. வந்ததைப் போலவே அதனைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்.

இரண்டாவதில் துயரம் என்ற சொல் எங்கும் இல்லை, கண்ணீரும் இல்லை. வெறும் கரியரைக் கட்டுவது பயனற்ற செயல் என்பதைப் பார்ப்பவர் காண்கிறார். பயனற்ற ஒன்றை ஒரு மனிதர் ஏன் இத்தனை கவனத்தோடு செய்கிறார் என்ற கேள்வி அவருக்குள் எழுகிறது. அந்தக் கேள்விக்கு அவர் கண்டுகொள்ளும் விடைதான் அக்காட்சியின் உணர்ச்சி.

பார்ப்பவர் இவ்வாறு தொடுத்துப் பார்ப்பார் என்பதற்குச் சினிமா வரலாற்றில் புகழ்பெற்ற ஒரு சோதனை இருக்கிறது. 1920 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ், இவான் மொசுகின் என்ற நடிகரின் உணர்ச்சியை வெளிக்காட்டாத முகக் காட்சியை எடுத்து, அதனை வெவ்வேறு காட்சிகளோடு அடுத்தடுத்து இணைத்தார். ஒன்றில் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டுச் சூப் வந்தது, மற்றொன்றில் சவப்பெட்டி வந்தது. முகம் எல்லாவற்றிலும் ஒன்றேதான். ஆயினும் பார்த்தவர்கள் ஒன்றில் சூப்பை மறந்த ஆழ்ந்த சிந்தனையையும் மற்றொன்றில் துக்கத்தையும் கண்டு, நடிகரின் திறமையைப் பாராட்டினார்கள் என்று குலெஷோவின் மாணவரும் பின்னாளில் பெரிய இயக்குநருமான புதோவ்கின் எழுதினார். அந்தச் சோதனைப் படம் இன்று கிடைப்பதில்லை. புதோவ்கின் சொன்ன அளவுக்கு விளைவு துல்லியமாக இருந்திருக்குமா என்று ஐயுறுவோரும் உண்டு. ஆனால் அதன் அடிப்படை உண்மையை ஒவ்வொரு படத்தொகுப்பு மேசையிலும் காணலாம். முகத்தில் இல்லாத உணர்ச்சியை இரண்டு காட்சிகளுக்கு இடையிலுள்ள வெட்டு உண்டாக்கிவிடுகிறது. ஆகவே நம் தந்தையாக நடிப்பவரிடம் சோகமாக இருங்கள் என்று சொல்லத் தேவையில்லை. கயிற்றின் முடிச்சைச் சரியாகப் போடுங்கள் என்று சொன்னால் போதும். கயிற்றுக்கு முந்திய ஷாட்டில், அதாவது இடையில் வெட்டாமல் எடுத்த காட்சித் துண்டில், நகர்ந்துபோகும் பாதை இருக்குமானால், அவர் முகத்தைப் பார்ப்பவர் வாசித்துவிடுவார்.

இந்தச் சிந்தனையைத் தமிழர்களாகிய நாம் வெளியிலிருந்து இரவல் பெற வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் நிலைகளை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுக்கிறது. இவற்றுள் அழுகையைப் பற்றிச் சொல்லும் இடம் திரைக்கதை எழுதுவோர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியது. தொல்காப்பியர் அங்கே கண்ணீரை வருணிக்கவில்லை. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று அழுகை பிறக்கும் நான்கு காரணங்களையே தருகிறார். பிறரால் இழிவுபடுவது, உரியதை இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமையில் வாடுவது ஆகியவை அவை. ஓர் இயக்குநர் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான்: இந்த அழுகை எதிலிருந்து பிறக்கிறது, அந்தக் காரணத்தை எந்தப் பொருளில் காட்டலாம்? நம் காட்சியில் இழப்புக்குக் கயிறு இருக்கிறது. வறுமையையும் காட்ட விரும்பினால், மகன் கொண்டுபோகும் பெட்டியில் முன்பு வெளிநாடு போய்வந்த வேறொருவரின் பெயர் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கலாம். அது இரவல் பெட்டி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926 இல் வெளிவந்த தமது மதங்க சூளாமணியில், சேக்சுபியரின் நாடகங்களையும் பழைய தமிழ், வடமொழி நாடக இலக்கணங்களையும் ஒன்றாக வைத்து, சுவையும் மெய்ப்பாடும் நாடகத்தில் தொழிற்படும் விதத்தை ஆராய்ந்தார். தமிழில் பேசும் படம் வருவதற்கு முந்திய நூல் அது. காளிதாஸ் 1931 இல்தான் வெளியானது. நடிப்பையும் உணர்ச்சியையும் பற்றித் தெளிவாகச் சிந்திக்க விரும்பும் கிழக்கிலங்கை இளையோர், தம் மண்ணின் அறிஞர் ஒருவர் எழுதிய அந்நூலை ஒருமுறையேனும் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மட்டக்களப்பில் திரைப்படம் பற்றிப் பேசுபவர் கூத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. இங்குள்ள கூத்தின் இருவகைகளான வடமோடியானாலும் தென்மோடியானாலும், ஆடுகளமான களரியைச் சுற்றிச் சனம் அமர்ந்திருக்கும். கடைசி வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கும் அரசனின் சினம் போய்ச் சேர வேண்டும். ஆகவே உணர்ச்சியைப் பாட்டும், மத்தளத்தின் தாளக்கட்டும், ஆட்டத்தின் வேகமும் பெரிதாக்கிக் கொடுக்கின்றன. அந்தத் தூரத்துக்கு அந்த அளவு தேவை. கமெராவோ அத்தூரத்தை இல்லாமற் செய்துவிடுகிறது. குளோசப் என்று வழக்கமாகச் சொல்லும் அண்மைக் காட்சியில், தொண்டையில் எச்சில் இறங்குவதுகூட ஒரு நிகழ்ச்சியாகிவிடும். கூத்தில் தேர்ந்த ஒருவர் அதே அளவு மெய்ப்பாட்டை அண்மைக் காட்சியில் தந்தால் அது மிகையாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. அவருடைய கலையில் எக்குறையும் இல்லை. மாறாக, உடலின் ஒவ்வோர் உறுப்பும் பேசக்கூடியது என்பதைக் கூத்தாடியவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களிடம் அசைவின் அளவை மட்டும் குறைக்கச் சொன்னால், கமெராவுக்கு முன்னால் அவர்கள் மிக நல்ல நடிகர்களாக அமைவார்கள் என்று நம்புகிறேன்.

காட்சி மொழியில் தமிழ்த் திரைப்படத்துக்குப் பெரும் பங்களித்த பாலு மகேந்திரா மட்டக்களப்பின் அமிர்தகழியில் பிறந்தவர் என்பது நம் பகுதிக்குப் பெருமை. ஒளிப்பதிவாளராகத் தொடங்கி இயக்குநரானவர் ஆதலால், பாத்திரத்தின் மனத்தை ஒளியாலும் இடத்தாலும் காட்ட அவரால் முடிந்தது. 1988 இல் வெளியான அவருடைய வீடு படத்தில், பேத்தி பாடுபட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்க்க முதியவர் ஒருவர் தனியாக வருகிறார். சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தத் தாத்தா, பூசப்படாத சுவர்களுக்கு நடுவே நடந்து, அவற்றைத் தொட்டுத் தடவிப் பார்க்கிறார். வசனம் இல்லை, இளையராஜாவின் இசை மட்டும் உடன் வருகிறது. ஒரு சொந்த வீட்டுக்காக ஒரு நடுத்தரக் குடும்பம் எத்தனை ஏங்கியது என்பதை அந்த விரல்களின் மெதுவான அசைவு உணர்த்திவிடுகிறது. அந்த வீட்டில் குடியேறாமலே அவர் இறந்துபோகிறார். அவருடைய கை சுவரில் நின்ற நேரம் நம் நினைவில் இருப்பதால்தான் அந்த இறப்பு நம்மை அத்தனை வருத்துகிறது.

பாலு மகேந்திராவின் மூன்றாம் பிறை (1982) வேறொரு பாடத்தைத் தருகிறது. நினைவிழந்து குழந்தையாகிப்போன பெண்ணைப் பேணிக் காத்தவன், குணமடைந்த அவள் ரயிலில் புறப்படும்போது, அவளுக்கு முன்பு செய்துகாட்டிய குரங்கு விளையாட்டுகளைச் செய்து தன்னை நினைவூட்ட முயல்கிறான். முன்பு அவளைச் சிரிக்கவைத்த அதே அசைவுகள் இப்போது அவளுக்கு ஒரு பைத்தியக்காரனின் சேட்டையாகத் தோன்றுகின்றன. செயல் மாறவில்லை, அதைச் சூழ்ந்த நிலைமை மாறிவிட்டது. ஒரு செயலை மகிழ்ச்சியான வேளையில் ஒருமுறை காட்டிவிட்டு, பிறகு துயரமான வேளையில் மீண்டும் காட்டும் இந்த உத்தி தொடக்க நிலையினருக்கு மிகப் பயன்படக் கூடியது. ஏனெனில் பார்ப்பவர் இரண்டு வேளைகளையும் தாமே ஒப்பிட்டுக்கொள்வார். நம் குறும்படத்தில், மகன் சிறுவனாக இருந்தபோது அதே கரியரில் அமர்ந்து பள்ளிக்கூடம் போன ஒரு சிறு காட்சி முன்னரே வந்திருந்தால், வெறும் கரியரின் பொருள் பலமடங்கு பெருகும்.

ஒலியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வசனம் இல்லாத படம் என்றால் ஒலி இல்லாத படம் என்று பொருளல்ல. சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலி (1955) படத்தில், வெளியூரிலிருந்து திரும்பிவரும் தந்தை, மகள் துர்க்கா இறந்ததை அறியாமல், வாங்கிவந்த பொருள்களை மனைவியிடம் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். மகளுக்கென்று வாங்கிய சேலையையும் எடுத்து நீட்டுகிறார். நமக்குத் தெரிந்த செய்தி அவருக்குத் தெரியாது என்பதாலேயே அந்தச் சேலை நம்மைச் சுடுகிறது. தாய் அடக்க முடியாமல் கதறும்போது நாம் அவளுடைய குரலைக் கேட்பதில்லை. அக்குரலின் இடத்தில் தார் ஷெனாய் என்ற இசைக்கருவியின் உச்ச ஒலி எழுகிறது. உண்மையான கதறல் கேட்டிருந்தால் அது ஒரு பெண்ணின் அழுகையாக மட்டும் இருந்திருக்கும். அந்த இசையோ அவளால் எக்குரலிலும் வெளியிட முடியாத ஒன்றை நம் செவிக்குக் கொண்டுவருகிறது.

1987 இல் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கத்தில் வந்த பேசும் படம், பெயருக்கு மாறாக வசனமே இல்லாதது. அதன் நாயகன் திரையரங்கின் இரைச்சல் கேட்கும் ஓர் எளிய அறையில் வாழ்ந்து பழகியவன். ஆடம்பர விடுதியின் அமைதியில் அவனுக்கு உறக்கம் வரவில்லை. பழைய இடத்து இரைச்சலை ஒலிநாடாவில் பதிந்துகொண்டுவந்து போட்டுக் கேட்டபடி தூங்குகிறான். நகைச்சுவையான காட்சிதான். ஆனால் ஒருவன் எந்த உலகத்தைச் சேர்ந்தவன் என்பதை ஒரு சொல்கூட இன்றி ஒலி ஒன்றே நிலைநாட்டிவிடுகிறது. நம் துறைக்காட்சியில் இசையே வேண்டாம் என்பேன். பாதையின் இயந்திர ஒலி மெல்லத் தேய்ந்து மறைந்த பின், அதுவரை கேட்காத ஓர் ஒலி எஞ்சட்டும்: தள்ளிக்கொண்டு போகப்படும் சைக்கிளின் பின்சக்கரம் எழுப்பும் டிக் டிக் என்ற சிறிய ஒலி.

ஒளியைப் பொறுத்தவரை, வாவியின் இருகரைகளும் ஒளிப்பதிவாளருக்கு வாய்த்த ஒரு செல்வம். படுவான்கரையில் நின்று காலையில் கிழக்கே கமெராவைத் திருப்பினால், பாதை சூரியனை நோக்கிச் செல்லும். மகன் முகம் தெரியாத கருநிழலாகி ஒளிக்குள் கரைந்துபோவான். அதே காட்சியை மாலையில் எடுத்தால் சூரியன் தந்தையின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மகனின் முகம் நெடுந்தூரம்வரை பொன்னிறமாகத் தெரியும். தந்தையின் நிழல் நீண்டு நீர்மேல் விழும். காலையில் எடுத்த காட்சி அவன் இல்லாமற் போவதைச் சொல்லும். மாலையில் எடுத்தது அவனைப் பிரிய மனமில்லாமையைச் சொல்லும். நெய்தல் திணைக்கு எற்பாடு எனப்படும் சூரியன் மறையும் வேளையையும் இரங்கலையும் உரியவையாக வகுத்த நம் முன்னோர், நிலமும் பொழுதும் உள்ளத்தோடு கொண்டிருக்கும் உறவை நன்றாக அறிந்திருந்தார்கள்.

இவை அனைத்தும் பயன்பட வேண்டுமானால் பார்ப்பவருக்கு நேரம் வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் ஷாட்டை விரைந்து வெட்டிவிடுகிறார்கள். பார்ப்பவர் சலித்துவிடுவாரோ என்ற அச்சமே அதற்குக் காரணம். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் லேட் ஸ்பிரிங் (1949) படத்தின் இறுதிப் பகுதியில், மகளுக்குத் திருமணம் செய்துவைத்துவிட்டுத் தனியாக வீடு திரும்பும் தந்தை அமர்ந்து ஓர் ஆப்பிளைத் தோலுரிக்கிறார். நீண்டு தொங்கும் தோல் விழுகிறது, கை நிற்கிறது, தலை மெல்லக் கவிழ்கிறது. அந்த நிகழ்வை அவசரமாகக் காட்டியிருந்தால் ஒரு மனிதர் பழம் உரித்தார் என்பதற்குமேல் எதுவும் நமக்குக் கிடைத்திராது.

ஒரு எச்சரிக்கையும் தேவை. விளக்கு அணைவது, இடி இடிப்பது, கூண்டிலிருந்து பறவை பறப்பது, பாறையில் அலை மோதிச் சிதறுவது போன்றவற்றைக் காட்டிவிட்டுக் காட்சி மொழியைக் கையாண்டதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இவை பல்லாயிரம் படங்களில் வந்து தேய்ந்துபோனவை. இவற்றின் பொருளைப் பார்ப்பவர் தேடிக் கண்டடைவதில்லை. முன்னரே மனப்பாடமாக வைத்திருக்கிறார். காட்சிக்குரிய பொருள் அந்தக் கதை நடக்கும் இடத்திலிருந்தும் அந்த மனிதரின் அன்றாட வேலையிலிருந்தும் வர வேண்டும். மீன்பிடிப்பவருக்கு வலையும் தோணியும் இருக்கின்றன. வட்டை எனப்படும் வயல்வெளியில் காவல் இருப்பவருக்கு வாடி என்ற குடிசை இருக்கிறது. பாய் இழைப்பவருக்குப் பன் என்ற புல் இருக்கிறது. அவர்கள் தினமும் தொடும் பொருள்களே அவர்களுடைய மனத்தைச் சொல்லத் தகுதியானவை.

வசனத்தை முற்றாக ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் மக்கள் பேசாமல் இருப்பவர்கள் அல்லர். ஆனால் மிகப் பெரிய உணர்ச்சி நெஞ்சை அழுத்தும்போது அதைப் பற்றிப் பேசாமல் வேறொன்றைப் பற்றிப் பேசுவார்கள். பாதை புறப்படும் முன் தந்தை, “பாஸ்போட்டக் கையிலயே வெச்சிக்க மனே” என்று மட்டும் சொல்லட்டும். மகன், “ஓம் அப்பா” என்று தலையாட்டட்டும். அந்த வசனம் துயரத்தைச் சொல்லவில்லை, அதை மூடிவைக்கிறது. மூடிவைக்கப்பட்டது இன்னதென்று கயிறு காட்டும்போது, சொல்லும் காட்சியும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன.

பயிற்சி செய்ய விரும்புவோர், பேருந்து நிலையத்திலோ துறையிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ பேச்சுக் கேட்காத தூரத்தில் சற்று நேரம் நின்று, மனிதர்களின் கைகளைக் கவனித்து, கண்டதை மட்டும் எழுதிப் பார்க்கலாம். சோகம், மகிழ்ச்சி, கோபம் என்ற சொற்கள் அந்தக் குறிப்பில் வரக் கூடாது. பிறகு அதிலிருந்து நான்கைந்து ஷாட்டுகளில் ஒரு காட்சியை எடுத்து, கதையே தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். விளங்கியதா என்று அவரிடம் கேட்காதீர்கள். விளங்கியது என்றே எவரும் மரியாதைக்காகச் சொல்வார். இதற்கு முன் என்ன நடந்திருக்கும், இந்த மனிதர் இப்போது எங்கே போகிறார் என்று கேளுங்கள். அவர் தயங்கும் இடத்தில் ஒரு பொருளோ ஒரு பார்வையோ குறைவாக இருக்கிறது. சேர்த்து எடுத்துவிட்டு, படத்தைப் பார்த்திராத இன்னொருவரிடம் காட்டுங்கள்.